ஒரே விளக்கின் ஒளியில்

“அந்தக் காலம் போல் இனி வருமா?” என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதை வாசகர்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். எழுபதை எட்டியும் கடந்தும் நிற்கின்ற நாங்களும், உடன்பிறந்தோர் ஒன்று கூடும்போதெல்லாம் அந்தப் பெருமூச்சைத் தவறாமல் விடுகிறோம். கூழின் ருசியும், கிணற்றடியின் குளிர்ச்சியும், ஆச்சியின் கதைகளும் வரிசையாக வந்து நிற்கின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் இளையோர் தமக்குள் புன்னகை செய்கின்றனர்.

நினைவுக்கு ஒரு குணம் உண்டு. உமியைப் புடைத்துத் தள்ளிவிட்டு அரிசியை மட்டும் அது முறத்தில் நிறுத்திக்கொள்ளும். அது நல்ல குணமே. ஆயினும், அந்த நெல்லைக் குத்தியவர் யார் என்பதையும் சேர்த்து நினைப்பதுதான் நன்றியுள்ள பிள்ளைகளுக்கு அழகு. அந்த எண்ணத்தோடு எங்கள் வீட்டு அன்றாட வாழ்வைப் பற்றிச் சில செய்திகளை எழுத முன்வந்துள்ளோம். பெரிய நிகழ்ச்சி எதுவும் இதில் இல்லை. உங்கள் வீட்டிலும் ஏறத்தாழ இவையே நடந்திருக்கும்.

எல்லாம் ஒவ்வொன்று

சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடையே, செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டின் ஓரத்தில் உள்ளது எங்கள் ஊர். இன்று அது தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. நாங்கள் சொல்ல வருவது 1950-களின் இறுதியிலிருந்து 1960-களின் இறுதி வரையிலான ஏறத்தாழப் பத்து ஆண்டுகளைப் பற்றி. அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஆச்சி, அப்பா, அம்மா, அக்காள், அக்காளுக்குப் பின் பிறந்த நாங்கள் நால்வர், ஆக எண்மர் ஒரு சிறிய ஓட்டு வீட்டில் வாழ்ந்தோம். முன்னே திண்ணை, நடுவே கூடம், அதை ஒட்டி ஓர் அறை. அடுக்களை மட்டும் முற்றத்தைக் கடந்து பின்புறம் தனியே, பனையோலை வேய்ந்து நின்றது. ஓலைக்கூரையில் தீப்பொறி பட்டால் வீடு தப்ப வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள்.

அந்த வீட்டில் எல்லாப் பொருளும் ஒவ்வொன்றாகவே இருந்தன. மிதிவண்டி ஒன்று, அது அப்பாவுடையது. நாற்காலி ஒன்று, அது விருந்தினருடையது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. உள்ளங்கை அகலமே இருந்த அதில் ஒருவர் தலைவாரி முடிக்கும்வரை மற்றவர் வரிசையில் நிற்போம். தகரப்பெட்டி ஒன்று, நிலப் பத்திரமும், எங்கள் ஞானஸ்நானச் சீட்டுகளும், அம்மாவின் கல்யாணச் சேலையும் அதற்குள் ஒன்றாக உறங்கின. கடிகாரம் மட்டும் ஒன்றுகூட இல்லை. கோவில் மணியும் பள்ளிக்கூட மணியுமே ஊருக்குப் பொதுக் கடிகாரமாக விளங்கின.

ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருள் பிள்ளைகளுக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. முதலாவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது. இரண்டாவது, தன் முறை வந்தபின் தனக்குப் பின்னால் நிற்பவரை எண்ணி விரைந்து முடிப்பது. முதற்பாடத்தை நாங்கள் எளிதில் கற்றோம். இரண்டாவது பாடத்தைக் கற்கச் சில ஆண்டுகளும், ஆச்சியின் சில குட்டுகளும் தேவைப்பட்டன.

விளக்கைச் சுற்றி

அந்த ஒற்றைப் பொருள்களுக்கெல்லாம் அரசுபோல் வீற்றிருந்தது அரிக்கேன் விளக்கு. வெயில் தாழ்ந்ததும் அதைத் துடைத்து வைப்பது எங்கள் முறைவேலை. கண்ணாடியைக் கழற்றி, உள்ளே வாயால் ஊதி, பழந்துணியில் சாம்பல் தொட்டுத் துடைக்க வேண்டும். திரியின் கருகிய நுனியை நேராகக் கத்தரிக்க வேண்டும். கோணலாகக் கத்தரித்தால் சுடர் ஒரு பக்கமாக எழும்பிக் கண்ணாடியைக் கருக்கிவிடும்; சில வேளைகளில் கண்ணாடி விரிசல் விடும். புதுக் கண்ணாடிக்கு அடுத்த மாதச் சம்பளம் வரவேண்டும் என்பதால், துடைப்பவரின் விரல்களை ஆச்சியின் கண்கள் விட்டு அகலா.

இருட்டியதும் கூடத்தின் நடுவே, கவிழ்த்து வைத்த மரக்காலின்மேல் விளக்கு அமரும். அதைச் சுற்றி யார் எங்கே அமர்வது என்பதற்கு அப்பா ஒரு முறை வகுத்திருந்தார். அந்த ஆண்டு பெரிய தேர்வு எழுதுபவர் சுடருக்கு மிக அருகில் இருக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் அவருக்கு அடுத்து. வாய்பாடு ஒப்பிப்பவருக்கு வெளிச்சமே தேவையில்லை என்பது அப்பாவின் தீர்ப்பு; அவர் இருளின் ஓரத்தில் அமர்ந்து ஒப்பிக்க வேண்டியதுதான். அப்பா சுவரில் சாய்ந்தவாறு பள்ளிப் பிள்ளைகளின் ஏடுகளைத் திருத்துவார். ஆச்சி வாசற்படியருகே காலை நீட்டி அமர்ந்து வெற்றிலை இடிப்பார். எழுத்தறியாத ஆச்சிதான் எங்கள் படிப்பைக் கண்காணித்தார். யாருடைய குரலாவது சற்றுத் தேய்ந்தால் உடனே அதட்டல் வரும்: “ஏலே, விளக்கு எண்ணெயைக் குடிக்குது, நீ எழுத்தைக் குடிலே!”

இரவு மணி ஒலித்ததும் ஏடுகள் மூடப்படும். எல்லாரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வோம். அப்போது ஆச்சி திரியை இறக்கிவிடுவார். செபத்துக்கு எண்ணெய் வேண்டாம் என்பது அவர் கொள்கை. அந்த அரையிருளில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரலால்தான் ஒருவரை ஒருவர் அறிவோம். அப்பாவின் குரல் சுவரோரமிருந்து வரும். மூன்றாம் பத்து மணிக்குள் கடைக்குட்டியின் குரல் நின்றுவிடும்; அவன் அக்காளின் தோளில் சாய்ந்து உறங்கியிருப்பான். அம்மாவின் குரல் மட்டும் தொலைவிலிருந்து, முற்றத்துக்கு அப்பால் அடுக்களை வாசலிலிருந்து வரும். உலையையும் விட முடியாமல் செபத்தையும் விட முடியாமல் அம்மா அங்கேயே முழந்தாளிட்டிருந்தார். அது ஏன் என்று அந்நாளில் யாரும் வினவவில்லை. அம்மாவின் இடம் அது என்றே வீடு முழுவதும் எண்ணியிருந்தது.

பனை ஊட்டிய வளர்ப்பு

எங்கள் ஊரில் ஆண்டின் பருவங்களைப் பனைமரமே வகுத்துக் கொடுத்தது. பங்குனி பிறக்கும்போது பாளைகள் சீவப்பட்டுப் பதநீர் இறங்கத் தொடங்கும். ஆடி வரை ஓடும். அதிகாலையில் பனையேறும் மாமா ஒருவர், உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயங்களைச் சுமந்து எங்கள் வீட்டு வழியே செல்வார். சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். பச்சை ஓலையை மடக்கிப் பட்டை பிடித்து, அதில் அவர் ஊற்றும் பதநீரை நின்றவாறே குடிப்போம். ஓலையின் பச்சை வாசனையும் பதநீரின் இனிப்பும் கலந்த அந்தச் சுவைக்கு ஈடாக இன்றைய குளிர்பானம் எதையும் எங்களால் சொல்ல முடியவில்லை.

விடிலியில் பெண்கள் பதநீரைக் காய்ச்சுவார்கள். பொங்கிப் பொங்கிக் கெட்டிப்பட்டபின், பாகைச் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு அன்றும் பெயர் உண்டு, இன்றும் உண்டு. எங்கள் காப்பிக்கும் கருப்பட்டி. காய்ச்சலுக்குச் சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டி. பள்ளிவிட்டு வந்த பசிக்கும் ஒரு துண்டு கருப்பட்டி. வெள்ளைச் சீனி, நாற்காலியைப் போலவே, விருந்தினருக்கு மட்டும் உரியது. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். கொட்டைகளை மணலில் புதைத்து வைத்தால் மார்கழி, தை மாதங்களில் கிழங்கு தோண்டலாம். 1978-ஆம் ஆண்டில் தமிழக அரசு பனையை மாநில மரமாக அறிவித்தபோது, ‘நம் மாமன் மகனுக்குப் பட்டம் கிடைத்தது’ என்பதுபோல் எங்கள் வீட்டில் மகிழ்ந்தோம்.

நெற்சோறு நாள்தோறும் கிடைத்ததில்லை. கம்பங்கூழோ சோளக்கஞ்சியோ காணத்துவையலுடன் கிடைக்கும். மணப்பாட்டிலிருந்து மீன் சுமந்து வருகிற அம்மாள் எங்கள் தெருவில் ஓலைக்கடகத்தை இறக்கினால் அன்று சாளைக்குழம்பு. பங்கிடுவதில் எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. பங்கு வைப்பவர் கடைசிப் பங்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவித்த முட்டையை நூலால் அறுத்து நான்காக்கும் வேலை கிடைத்தவர், மூச்சை அடக்கிக்கொண்டு அறுப்பார். துண்டுகளில் ஒன்று சிறுத்தால் அது அவருக்கே வந்து சேரும் அல்லவா! நீதி என்றால் என்ன என்பதை அந்த நூல்தான் எங்களுக்கு முதலில் விளக்கியது.

பஞ்சம் எங்கள் வாசலையும் தட்டியது. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவை அப்பா தம் பள்ளியில் முன்நின்று நடத்தினார். மழை பொய்த்த 1965, 1966-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கோதுமையும் பால்பொடியும் எங்கள் ஊர்வரை வந்தன. கோதுமையை என்ன செய்வதென்று அறியாத அம்மா, அதைத் திருகையில் உடைத்துக் கஞ்சியாக்கினார். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்கும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அப்பா அச்செய்தியைப் படித்துச் சொன்னதும் அம்மா சிரித்துக்கொண்டே, “நம்ம வீட்டுல அது எப்பவோ ஆரம்பிச்சாச்சே” என்றார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். வாரத்துக்கு ஒரு வேளை துறந்தவர் வீட்டில் யார் என்பது, நாங்கள் வளர்ந்து பிள்ளைகளைப் பெற்று, அடுப்படியில் நின்று கணக்குப் பார்க்க நேர்ந்தபோதுதான் விளங்கியது.

அணாவும் காசும்

1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 காசு என்றாயிற்று. ஓரணாவுக்கு 6 காசு, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்றுக் கணக்கு. மூன்றணாவுக்கு மட்டும் எங்கிருந்து ஒரு காசு கூடிற்று என்று ஆச்சி கடைக்காரரிடம் வழக்காடினார். வழக்கில் தோற்றவர், அதற்கும் ஒரு வழி கண்டார். மூன்றணாச் சாமானுக்கு ஒருவரை அனுப்பாமல், ஓரணாச் சாமானுக்கு ஒருவராக எங்களில் மூவரைத் தனித்தனியே அனுப்பினார். மூன்று ஆறு பதினெட்டு. ஒரு காசு மிச்சம்! கடைக்காரர் இரண்டாம் நாளே இந்தச் சூழ்ச்சியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆச்சி கண்மூடும்வரை நாலணா, எட்டணா என்றுதான் எண்ணினார். அந்த நாலணாவாகிய 25 காசு நாணயமும் 2011 சூன் இறுதியோடு செல்லாததாயிற்று.

கிறிஸ்துமஸ் ஒன்றுக்கே புத்தாடை. ஆண்பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே துணிச்சுருளிலிருந்து சட்டை வெட்டப்படும். ‘வளர்ற பிள்ளை’ என்ற ஒரு சொல்லைத் தையற்காரரிடம் அம்மா அழுத்திச் சொல்வார். சட்டையின் அடியில் மூன்று விரற்கடை துணி உள்ளே மடித்துத் தைக்கப்படும். ஆண்டுதோறும் ஒரு மடிப்பு அவிழும். அவிழ்த்த இடத்தில் நிறம் மங்காத ஒரு கோடு நிற்கும். அந்தக் கோடுகளை எண்ணிச் சட்டையின் வயதைச் சொல்லிவிடலாம்.

பாடநூல்களும் அப்படியே கைமாறின. அட்டையின் உட்புறத்தில் உரியவர் தம் பெயரை எழுத வேண்டும். அடுத்த ஆண்டு அதன் கீழ் அடுத்தவர் பெயர் ஏறும். கடைக்குட்டியின் கைக்கு வரும்போது நூலில் ஐந்து பெயர்கள் இருக்கும். எட்டாம் வகுப்பு வரையுள்ள நூல்களில் முதற்பெயர் அக்காளுடையது. முத்துக் கோத்தாற்போன்ற எழுத்து. ஒன்பதாம் வகுப்பு நூல்களில் அந்தப் பெயர் இல்லை.

விளக்கின் நிழல்

உயர்நிலைப்பள்ளி ஐந்து மைல் தொலைவில் இருந்தது. அண்ணன்மார் நடந்தும், பிறகு அப்பாவின் மிதிவண்டியில் தொற்றியும் சென்றார்கள். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று ஊரார் கேட்ட கேள்விக்கு வீட்டில் விடை இருக்கவில்லை. கைக்குழந்தை ஒன்று இருந்தது. விடியுமுன் தேரியோரத்து நல்லதண்ணீர்க் கிணற்றுக்கு நான்கு நடை நடக்க ஒரு துணை வேண்டியிருந்தது. ஆகவே, பதின்மூன்று வயதில் தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக அக்காளின் படிப்பு நின்றது. எவரும் கோபத்தோடு அந்த முடிவைச் செய்யவில்லை. அன்பான வீட்டிலும் அநியாயம் இப்படித்தான், ஓசையின்றி, ஒரு வேலையின் பெயரால் நுழைகிறது.

அக்காள் பெட்டி முடையக் கற்றாள். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, நரம்பு நீக்கி, சன்னமாகக் கிழித்து, சாயம் ஏற்றி முடைவாள். மாலைகளில் அவளும் விளக்கைச் சுற்றித்தான் அமர்ந்தாள். ஆனால் எல்லாருக்கும் பின்னால், ஒளி தேயும் விளிம்பில். முடைகிற விரல்களுக்கு வெளிச்சம் வேண்டாம் என்றாள். பெட்டி விற்ற காசு எங்கள் தேர்வுக் கட்டணத்துக்கும் வடிவியல் பெட்டிக்கும் சென்றது. வாய்பாட்டில் நாங்கள் தடுமாறினால் பின்னாலிருந்து, கை நிற்காமல், அக்காளின் குரல் விடை தரும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அவள் கணக்கை எங்கே கற்றாள் என்று கேட்டால், எங்கள் வாய்களிலிருந்து கற்றாள் என்பதே மறுமொழி. “உங்க பாடமெல்லாம் நானும் படிச்சு முடிச்சுட்டேன், பரீட்சைதான் எழுதலை” என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள எங்களால் இயலுவதில்லை. அவள் தன் மூன்று பெண்மக்களையும் பட்டப்படிப்பு வரை படிக்கவைத்தாள். அதில் மட்டும் யார் சொல்லையும் கேட்க மறுத்தாள்.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1968-இல் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தது. இரண்டு விளக்குகளுக்குத்தான் பணம் இருந்தது. கூடத்தில் ஒன்று, திண்ணையில் ஒன்று என்று அப்பா முடிவு செய்திருந்தார். தமக்கென எதையும் கேட்டறியாத அம்மா அன்று முற்றத்தில் நின்றுகொண்டு, “ஒண்ணு அடுக்களையில போடணும்” என்றார். அப்பா சற்றே வியந்து, திண்ணை விளக்கை அடுக்களைக்கு மாற்றினார்.

பல்லாண்டுகள் சென்றன. முதுமையில் அம்மா எங்களோடு இருந்த நாட்களில், நாங்கள் அரிக்கேன் விளக்கின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்திருந்த அம்மா நிமிராமலே சொன்னார்: “கரண்டு வந்த அன்னைக்குத்தான் நான் உலையில கெடந்த அரிசியைக் கண்ணால பார்த்தேன்.” குறை சொல்லும் தொனி அதில் இல்லை, ஒரு தகவலாகவே சொன்னார். ஆனால் எங்கள் பேச்சு அத்துடன் நின்றது. வீட்டுக்கு ஒரே விளக்கு. அது கூடத்தில் எங்களோடு இருந்தது. அப்படியானால் அடுக்களையில்? கண்ணாடி இல்லாத ஒரு சிறு தகர விளக்கு. அடுப்புப் புகையோடு அதன் புகையும். காற்றடித்தால் அதுவும் அணையும். பிறகு தீயின் வெளிச்சத்தில், கையின் பழக்கத்தால், எண்மருக்கு உணவு ஆக்கியிருக்கிறார்.

அப்போதுதான் எங்களுக்கு மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. முழுநிலவை ஒட்டிய இரவுகளில் எண்ணெயை மிச்சப்படுத்த அரிக்கேனை ஏற்றுவதில்லை. முற்றத்தில் பாய் விரித்து, அம்மா நடுவில் அமர்ந்து, குழம்பிட்டுப் பிசைந்த சோற்றை உருட்டி உருட்டி எங்கள் கைகளில் வைப்பார். எங்கள் இளமை நினைவுகளுள் ஆக இனியது எது என்று கேட்டால் ஐவரும் ஒருமுகமாக அந்த நிலாச்சோற்றையே சொல்வோம். காரணம் இப்போது விளங்குகிறது. மாதத்தில் அந்தச் சில இரவுகளில்தான் எங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே விளக்கு இருந்தது.

நம் இல்லங்களுக்கு

மின்விளக்கு வந்ததும் கூடத்தின் வட்டம் மெல்லக் கலைந்தது. வெளிச்சம் மூலைக்கு மூலை இருந்ததால் ஒருவர் சாளரத்தை நாடினார், ஒருவர் கதவோரம் சென்றார். மரக்கால் தானியம் அளக்கத் திரும்பிப் போயிற்று. பின்னர் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது; இன்று கைக்கொரு தொலைபேசி, அதற்குள் ஆளுக்கொரு திரை. ஒவ்வொன்றாக இருந்தவை எல்லாம் ஆளுக்கொன்றாயின.

இதைச் சொல்லி வருந்தியபோது பேத்தி ஒருத்தி கேட்டாள்: “அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னா, அதையெல்லாம் ஏன் விட்டீங்க?” நேர்மையான கேள்வி. நேர்மையான விடை இதுதான்: அம்மாவுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது, அதனால் விட்டோம். அக்காளுக்குக் கிடைக்காத பள்ளி அவள் மக்களுக்கு வேண்டியிருந்தது, அதனால் விட்டோம். இல்லாமையை நாங்கள் விரும்பவில்லை. இனியும் விரும்ப மாட்டோம். பசியையும் புகையையும் பொற்காலம் என்று பாடுவது, அவற்றைச் சுமந்தவர்களுக்கு நாம் செய்யும் நன்றியாகாது.

ஆயினும் அந்த இல்லாமைக்கு நடுவே விளைந்த ஒன்றை இழந்துவிடலாகாது என்றும் கருதுகிறோம். ஒருவர் முறைக்காக மற்றவர் காத்திருந்தோம். பங்கு வைத்தவர் கடைசியில் எடுத்தார். தம்பி எழுதும் தேர்வு வீடு முழுவதற்கும் தேர்வாயிருந்தது. இவற்றுக்கு வறுமை கட்டாயத் தேவையன்று. மனம் இருந்தால் மின்விளக்கின் கீழும் இவை நடக்கும். நாளில் ஒரு மணி நேரமாவது வீட்டார் அனைவரும் திரைகளை ஒதுக்கி ஒரே இடத்தில் அமரலாம். உண்ணலாம், செபிக்கலாம், படிக்கலாம், வெறுமனே பேசலாம்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை ஏற்படுத்துமுன் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாரும் அமர்ந்தபின் வீட்டில் யாருடைய இடம் காலியாக இருக்கிறது? யாருடைய குரல் மட்டும் அடுக்களையிலிருந்து வருகிறது? அந்த ஒருவர் வந்து அமரும்வரை குடும்பம் இன்னும் கூடவில்லை என்றே பொருள். அவரை அழைத்தால் மட்டும் போதாது. உலை அவரை விடாது. ஆண்பிள்ளை எழுந்து சென்று பாத்திரத்தை வாங்க வேண்டும். தந்தை எழுந்து இலையைப் போட வேண்டும். எங்கள் வீட்டில் முட்டைக்கு இருந்த சட்டம் வேலைக்கும் இருந்திருந்தால், நிலாச்சோறு மாதம் முழுவதும் கிடைத்திருக்கும்.

இளையோர்க்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் பதநீரையும் பனங்கிழங்கையும் சொல்வார்கள், அவையும் உண்மையே. “அப்போது உங்களுக்கு எது கிடைக்கவில்லை?” என்றும் கேளுங்கள். சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். பொறுத்திருங்கள். பிறகு அவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்டு, அது இன்றும் உங்கள் வீட்டில் யாருக்காவது கிடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.